நம் நகரத்தை யார் வரைகிறார்கள்? சிங்கப்பூர் நகரத் திட்டமிடல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வசிப்போர் குழுக் கூட்டங்களிலும் கோயில் அன்னதான வரிசையிலும் லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் காய்கறி வாங்கும்போதும் என்னிடம் திரும்பத் திரும்ப வந்து சேரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பேட்டையில் தொண்டூழியராக இருப்பவர் என்ற முறையில் எழுதுகிறேன். எந்த அரசாங்க அமைப்பின் சார்பிலும் அல்ல. இக்கேள்விகளில் பெரும்பாலானவை மண்வாரி இயந்திரம் வந்து நின்ற பிறகே எழுகின்றன என்பது என் கவலை. அதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே முடிவு ஒரு வரைபடத்தில் பதிந்திருக்கும். அந்த வரைபடத்தை முன்கூட்டியே படிக்கும் பழக்கம் நம் வீடுகளுக்கு வர வேண்டும்.

சிங்கப்பூருக்கு மாநகராட்சி கிடையாதா? ‘மேயர்’ என்கிறார்களே, அவர் யார்?

ஒரு காலத்தில் இருந்தது. 1951இல் சிங்கப்பூருக்கு நகரத் தகுதி கிடைத்தது. 1957 டிசம்பரில் மாநகர மன்றத் தேர்தல் நடந்து மேயரும் பதவிக்கு வந்தார். 1959இல் சுயாட்சி பிறந்ததும் அம்மன்றத்தின் பணிகளை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. அன்றுமுதல் நகரத்தை ஆள்வதும் நாட்டை ஆள்வதும் ஒரே வேலைதான்.

இன்று மேயர் எனப்படுவோர் ஐந்து சமூக மேம்பாட்டு மன்றங்களின் தலைவர்கள். உதவித் திட்டங்கள், சமூக நிகழ்ச்சிகள், நாம் உணவங்காடியில் பயன்படுத்தும், இம்மன்றங்கள் தரும் சிடிசி பற்றுச்சீட்டுகள் ஆகியவை அவர்கள் பொறுப்பில் வருகின்றன. சாலையும் குடிநீரும் அவர்கள் கையில் இல்லை. சென்னையிலிருந்து வந்த உறவினர்கள் மேயரிடம் மனுக் கொடுக்கலாமா என்று கேட்கும்போதெல்லாம் இதை விளக்க வேண்டியிருக்கிறது.

வீடு, ரயில், நீர், மரம் எல்லாவற்றையும் ஒரே அரசாங்கம் முடிவு செய்வதால் புதுப் பேட்டைக்குள் மக்கள் குடியேறும்போது பள்ளியும் பேருந்தும் பெரும்பாலும் தயாராக இருக்கின்றன. அதன் விலையும் உண்டு. அமைச்சுக்கும் நம் புளோக்குக்கும் (அடுக்குமாடிக் கட்டடத்துக்கும்) நடுவே வட்டார அளவில் வாதாடுவதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர் இல்லை. அந்த வேலையையும் நாடாளுமன்ற உறுப்பினரே சுமக்கிறார்.

மின்தூக்கி பழுது, வடிகாலில் குப்பை, மரக்கிளை தொங்குகிறது. யாரிடம் சொல்வது?

புளோக்கின் பொது இடங்கள் நகர மன்றத்தைச் சேர்ந்தவை. மின்தூக்கி, பொதுத் தாழ்வாரம், கீழ்த்தளம், கூரை, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, பேட்டைக்குள் துப்புரவு ஆகியவை அதில் அடங்கும். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இம்மன்றங்களை அந்தந்தத் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்களே நடத்துகிறார்கள். ஆளுங்கட்சியோ எதிர்க்கட்சியோ, வாக்குக் கேட்டு வந்தவரே நம் மின்தூக்கிக்கும் பொறுப்பு. கீழ்த்தளத்தில் திருமணமோ துக்க காரியமோ நடத்தவும் நகர மன்றத்தின் அனுமதிதான் வேண்டும்.

வீவக என்று நாம் சுருக்கிச் சொல்லும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் வீட்டை விற்கிறது, வாகன நிறுத்துமிடங்களைக் கவனிக்கிறது, மேம்பாட்டுத் திட்டங்களைக் கொண்டுவருகிறது. சாலையும் பேருந்து நிறுத்தமும் நிலப் போக்குவரத்து ஆணையத்துடையவை. சாலையோர மரமும் பூங்காவும் தேசியப் பூங்காக் கழகத்திடம் உள்ளன. பெரிய வடிகால்களும் குடிநீரும் பொதுப் பயனீட்டுக் கழகத்திடம். கொசு, பொது இடத் தூய்மை, உணவங்காடி நிலையம் என்றால் தேசிய சுற்றுப்புற வாரியம்.

குழம்புகிறதா? அதிகாரிகளுக்கே குழம்பியது. நடைபாதையில் கிடந்த ஒரு மீன் உருண்டைக் குச்சியை யார் அகற்றுவது என்று பல அமைப்புகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்ற கதையை அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் 2014 தேசிய தினப் பேரணி உரையில் சொன்னார். அதே ஆண்டில் நகராட்சிச் சேவைகள் அலுவலகம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு ‘ஒன்சர்விஸ்’ செயலி வந்தது. படத்தை எடுத்து, இடத்தைக் குறித்து அனுப்பினால் உரிய அமைப்புக்கு அதுவே போய்ச் சேர்கிறது. யாருடைய வடிகால் என்று நாம் ஆராய வேண்டியதில்லை.

மாதாமாதம் நகர மன்றத்துக்குக் கட்டும் பணம் எங்கே போகிறது?

அன்றாடத் துப்புரவுக்கும் பராமரிப்புக்கும் ஒரு பகுதி; பிற்காலத்தில் வரப்போகும் பெருஞ்செலவுகளுக்கான சேமிப்பு நிதிக்கு மற்றொரு பகுதி. மின்தூக்கியை மாற்றுவது, கூரையைப் புதுப்பிப்பது போன்றவற்றுக்கு அந்த நிதி கைகொடுக்கிறது. மன்றங்களின் ஆண்டுக் கணக்கு அறிக்கைகள் வெளியிடப்படுகின்றன. ஒருமுறையாவது எடுத்துப் படியுங்கள்.

பெருந்திட்டம் என்றால் என்ன? சாதாரண மனிதருக்கு அது எதற்கு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

சிங்கப்பூரில் திட்டமிடல் இரண்டு அடுக்குகளில் நடக்கிறது. மேலே இருப்பது நீண்டகாலத் திட்டம். நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்குத் தீவின் உருவம் எப்படி இருக்க வேண்டும் என்று அது யோசிக்கிறது. ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் உதவியோடு உருவான முதல் திட்டம் 1971இல் முடிந்தது. நடுவில் உள்ள நீர்ப்பிடிப்புப் பகுதியைச் சுற்றிப் புதுநகரங்கள், அவற்றை இணைக்கும் விரைவுச்சாலைகளும் ரயிலும், கிழக்குக் கோடியில் சாங்கி விமான நிலையம் என்று அது கோடு போட்டது. சாங்கி 1981இல் திறந்தது; முதல் எம்ஆர்டி ரயில் 1987 நவம்பரில் ஓடியது. நாம் தினமும் நடக்கும் வழிகளில் பல, அன்று காகிதத்தில் இருந்தவை.

அதற்குக் கீழே இருப்பது பெருந்திட்டம். இது சட்ட வலிமை உடையது. முதல் பெருந்திட்டம் 1958இல் வந்தது. இப்போது ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யப்படுகிறது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளை வழிநடத்துகிறது. ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் பயன்பாடு இன்னது என்று வண்ணத்தில் குறித்திருப்பார்கள்: வீடு, வணிகம், தொழில், பள்ளி, வழிபாட்டுத் தலம், பூங்கா. நிலத்தின்மேல் 2.8 போன்ற ஓர் எண் இருக்கும். அந்த நிலத்தின் பரப்பைப்போல் 2.8 மடங்கு வரை தளப்பரப்பு கட்டலாம் என்பது அதன் பொருள். ஆயிரம் சதுர மீட்டர் நிலத்தில் எல்லா மாடிகளையும் சேர்த்து 2,800 சதுர மீட்டர் கட்டலாம்.

இந்த வரைபடம் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உங்கள் அஞ்சல் குறியீட்டைத் தட்டிப் பாருங்கள். சன்னலுக்கு வெளியே தெரியும் புல்வெளியை நாம் பூங்கா என்று நினைத்துக்கொண்டிருப்போம். வரைபடத்தில் அது வீடமைப்பு நிலமாக இருக்கும், அல்லது பயன்பாடு இன்னும் முடிவாகாத ஒதுக்கீட்டு நிலமாக இருக்கும். வீடு வாங்குவதற்கு முன்பு நல்ல நேரம் பார்க்கிறோம், வாசல் திசை பார்க்கிறோம். எதிரே உள்ள நிலத்தின் வண்ணத்தையும் பார்த்துவிடுவது நல்லது.

புதிய பெருந்திட்டத்தின் நகல், அதாவது இறுதியாகாத வரைவு, 2025 ஜூன் மாதம் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. இப்படி நகல் வெளியாகும் காலத்தில்தான் நம் பேச்சுக்கு எடை அதிகம்.

எங்கள் புளோக்குக்கு எதிரே இருந்த காட்டை வெட்டுகிறார்கள். யாரும் எங்களைக் கேட்கவில்லையே?

கோபம் நியாயமானது. தீவின் பரப்பு இன்று ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர். 1960களில் அது 580 அளவில்தான் இருந்தது. மீதியைக் கடலிலிருந்து எடுத்தோம். இந்தச் சிறு பரப்புக்குள் அறுபது லட்சம் பேருக்கு வீடு, விமான நிலையம், துறைமுகம், ராணுவப் பயிற்சி நிலம், நீர்த்தேக்கம், தொழிற்பேட்டை எல்லாம் அடங்கியாக வேண்டும். மற்ற நாடுகளில் தலைநகருக்கு வெளியே போய்விடும் பல காரியங்கள் இங்கே நம் வாசலில்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் இடப் பற்றாக்குறை என்ற ஒரே பதிலால் எல்லாவற்றையும் மூடிவிட முடியாது. மக்கள் பேசியதால் கோடு மாறிய வரலாறு இங்கே உண்டு. சுங்கை பூலோ சதுப்பு நிலத்தின் அருமையை 1980களில் பறவை ஆர்வலர்கள் எடுத்துச் சொன்னார்கள். 1993இல் அது இயற்கைப் பூங்காவாகத் திறந்தது. இன்று பாதுகாக்கப்பட்ட இயற்கை வனம். புலாவ் உபினில் உள்ள செக் ஜாவா கடற்கரையில் நிலமீட்பு (கடலைத் தூர்த்து நிலமாக்கும் பணி) நடக்கவிருந்தது. 2001இல் தொண்டூழியர்கள் அலை வற்றிய நேரங்களில் இறங்கி அங்கே வாழும் உயிரினங்களைக் கணக்கெடுத்துக் கொடுத்தார்கள். நிலமீட்பு தள்ளிவைக்கப்பட்டது. 2011இல் மலாயா ரயில் சேவை தஞ்சோங் பகாரிலிருந்து விலகியபோது, விடப்பட்ட தண்டவாளப் பாதையைத் துண்டு போட்டு விற்காமல் 24 கிலோமீட்டர் பசுமை வழியாகக் காப்பாற்றுங்கள் என்று இயற்கை ஆர்வலர்கள் கேட்டார்கள். அதுதான் இன்று நாம் நடக்கும் ரயில் பாதைப் பூங்கா. அந்தத் தண்டவாளத்தில் உழைத்தவர்களில் நம் முன்னோர் பலர். குவீன்ஸ்டவுன் முனீஸ்வரன் கோயிலைத் தொடங்கியவர்கள் ரயில்வே ஊழியர்களே. நம் சமூகக் கூட்டங்களில் அந்தப் பாதையைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

எல்லா முறையும் காடு தப்பவில்லை. தெங்காவில் பெரும் பசும்பரப்பு 42,000 வீடுகள் கொண்ட புதுநகரமாகிக்கொண்டிருக்கிறது. நடுவே ஏறத்தாழ 100 மீட்டர் அகலமும் 5 கிலோமீட்டர் நீளமும் உள்ள வன வழி ஒன்றை விலங்குகள் கடப்பதற்காக விடுகிறார்கள். டோவர் காட்டில் பலரும் கருத்துச் சொன்ன பிறகு 2021இல் ஒரு நடுவழி கண்டார்கள்: கிழக்கே வீடுகள் வரும், மேற்கே ஒரு பகுதி இயற்கைப் பூங்காவாகும்.

இவற்றிலிருந்து நான் கண்டது ஒன்று உண்டு. ‘வெட்டாதீர்கள்’ என்ற கையெழுத்துகளைவிட, எந்த மரம், எந்தப் பறவை, மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, அருகில் வேறு எந்த நிலம் சும்மா கிடக்கிறது என்று ஆதாரத்தோடு போனவர்களின் சொல் எடுபட்டது. அவர்கள் இயந்திரம் வருவதற்கு முன்பே போனார்கள்.

அரசாங்கம் நினைத்தால் யாருடைய நிலத்தையும் எடுத்துக்கொள்ள முடியுமா?

பொதுப் பயன்பாட்டுக்காக முடியும். 1966ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் அந்த அதிகாரத்தைத் தருகிறது. இன்று நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு அரசுடையது. அந்த அதிகாரம் இல்லாமல் வீவக இவ்வளவு வேகமாகக் கட்டியிருக்க முடியாது. 1960 பிப்ரவரியில் கழகம் தொடங்கியது. 1961 மே மாதம் புக்கிட் ஹோ சுவீ தீ விபத்தில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். முதல் ஐந்தாண்டுகளில் 50,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. குடிசைகளில் பொதுக் குழாயடியில் நின்றவர்களின் பிள்ளைகள் இன்று சொந்த வீட்டில் இருக்கிறார்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பல காலம் இழப்பீடு சந்தை மதிப்புக்கு ஈடாக இல்லை; 2007இல்தான் சந்தை மதிப்பு என்ற விதி வந்தது. கம்பத்து (கிராமத்து) வீடுகளோடு அக்கம்பக்கமும் கலைந்தது. கோயில்களும் இடம் பெயர்ந்தன. ஆர்ச்சர்ட் சாலையில் இருந்த சிவன் கோயில், டோபி காட் எம்ஆர்டி பணிகளுக்காக 1983இல் அங்கிருந்து எழுந்து, சிராங்கூன் சாலையில் தற்காலிகமாக இருந்து, 1993இல் கேலாங் ஈஸ்ட்டில் குடியேறியது. செம்பவாங்கில் மரத்தடியில் தொடங்கிய பாலசுப்பிரமணியர் கோயில் இன்று ஈசூனில் இருக்கிறது. வழிபாட்டு நிலமும் பெருந்திட்டத்தில் ஒரு வண்ணம்தான். குத்தகைக் காலமும் அதற்கு உண்டு. கோயில் நிர்வாகக் குழுக்களில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

99 ஆண்டுகள் முடிந்தால் வீடு என்ன ஆகும்?

நிலம் அரசாங்கத்திடம் திரும்பும். நாம் வாங்குவது 99 ஆண்டுக் குத்தகை. குத்தகை குறையக் குறைய மதிப்பும் ஒரு கட்டத்துக்குப் பிறகு இறங்கும். ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதியை வீடு வாங்கப் பயன்படுத்துவதிலும் வரம்புகள் வரும். ஏறத்தாழ 70 ஆண்டைத் தொடும் பேட்டைகளில், குடியிருப்போர் வாக்களித்து முன்கூட்டியே வீட்டை ஒப்படைக்கும் திட்டம் 2018இல் அறிவிக்கப்பட்டது. பேரப்பிள்ளைகளுக்குச் சேர்க்கும் சொத்தாக மட்டும் வீவக வீட்டைக் கணக்கிடுவது சரியில்லை என்பது என் கருத்து. நல்ல பள்ளிக்கும் மருந்தகத்துக்கும் சந்தைக்கும் பக்கத்தில் நாம் வாழும் ஆண்டுகளே அதன் முதல் பயன்.

என் வீட்டை நான் விரும்பியவருக்கு விற்க முடியவில்லை. இன விகிதம் எங்களை மட்டும் ஏன் வாட்டுகிறது?

வீவக பேட்டைகளில் எல்லா இனத்தவரும் கலந்து வாழ 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை இது. இந்தியர், பிற இனத்தவர் சேர்ந்து ஓர் அக்கம்பக்கத்தில் 12 விழுக்காடு, ஒரு புளோக்கில் 15 விழுக்காடு வரை இருக்கலாம். 2010இல் சற்று உயர்த்தப்பட்ட வரம்பு இது. மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் தனித்தனி வரம்புகள் உண்டு. ஒரு புளோக்கில் சீனர் வரம்பு நிறைந்துவிட்டால், அங்குள்ள தமிழ்க் குடும்பம் சீனர் ஒருவருக்கு விற்க முடியாது. வாங்குவோர் வட்டம் சுருங்கி விலை இறங்குகிறது. இந்தச் சுமை சிறுபான்மையினர்மேல் கூடுதலாக விழுகிறது என்பதை அமைச்சர்களே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

கொள்கை தேவை என்றே நான் நம்புகிறேன். ஒரே தாழ்வாரத்தில் மூன்று மொழி கேட்டு வளரும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். எல்லாருக்கும் நன்மை தரும் ஒன்றின் செலவை விற்க முடியாமல் தவிக்கும் சில குடும்பங்கள் மட்டும் ஏற்பது நியாயமில்லை. 2022 மார்ச் முதல், நீண்ட காலம் முயன்றும் விற்க முடியாதவர்களின் வீட்டை வீவகவே திரும்ப வாங்கிக்கொள்ளும் வழி உண்டு. ஒவ்வொரு விண்ணப்பமும் தனித்தனியாகப் பரிசீலிக்கப்படும். இந்த வழி இருப்பது நம்மில் பலருக்குத் தெரியவில்லை, முகவரும் சொல்வதில்லை. வீவக கிளையில் நேரில் கேளுங்கள்.

கார் ஏன் இவ்வளவு விலை?

நிலத்தில் ஏறத்தாழ 12 விழுக்காட்டைச் சாலைகளே எடுத்துக்கொள்கின்றன. வீடுகளுக்கு 14 விழுக்காடு. 1975இல் நகர மையத்துக்குள் நுழையக் கட்டணம், 1990இல் கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழ், 1998இல் மின்னியல் சாலைக் கட்டணம் என்று படிப்படியாகக் கடிவாளம் இறுகியது. 2018 முதல் கார் எண்ணிக்கைக்கு அனுமதிக்கப்பட்ட வளர்ச்சி விகிதம் பூஜ்யம். சான்றிதழ் மட்டுமே 100,000 வெள்ளியைத் தாண்டிய ஏலங்களைப் பார்த்துவிட்டோம். வயதான பெற்றோர் உள்ள வீடுகளுக்கு இது வலிக்கும். அதற்கு நான் காணும் தீர்வு மலிவான கார் அன்று. வெயிலும் மழையும் படாமல் புளோக்கிலிருந்து நிறுத்தம்வரை போகும் கூரையிட்ட நடைபாதையும் சக்கர நாற்காலி ஏறும் பேருந்துகளும் எல்லாப் பேட்டைகளிலும் அமைவதே.

தேக்காவில் வடிகாலில் போடும் குப்பைக்கும் நாம் குடிக்கும் நீருக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, நேரடியாக. தேக்காவை ஒட்டி ஓடும் ரோச்சோர் கால்வாய் மரீனா நீர்த்தேக்கத்தில் கலக்கிறது. 2008இல் மரீனா அணை கட்டி அந்த முகத்துவாரத்தை நன்னீர்த் தேக்கமாக்கினார்கள்; தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்து மழைநீர் அங்கே சேர்கிறது. மொத்தத்தில் தீவின் மூன்றில் இரண்டு பங்கு, நீர்ப்பிடிப்புப் பகுதி. இந்த மழைநீரோடு, 1962 உடன்பாட்டின்படி 2061 வரை ஜோகூரிலிருந்து வரும் நீர், 2003இல் தொடங்கிய புதுநீர் (சுத்திகரித்த கழிவுநீர்), 2005இல் தொடங்கிய கடல்நீர் சுத்திகரிப்பு ஆகியவற்றைச் சேர்த்து ‘நான்கு குழாய்கள்’ என்கிறோம்.

கால்வாய் என்றாலே கான்கிரீட் என்ற எண்ணமும் மாறிவருகிறது. பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நேர்க் கால்வாயை உடைத்து, வளைந்து ஓடும் ஆறாக 2012இல் திருப்பித் தந்தார்கள். மழை கொட்டினால் ஆறு கரைமேல் பரவிப் பிறகு வடிகிறது. பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுங்கள். நகரத் திட்டமிடல் என்றால் என்னவென்று பாடம் நடத்த வேண்டியதில்லை.

நீல நிறத் தொட்டியில் போடுவது உண்மையிலேயே மறுசுழற்சிக்குப் போகிறதா?

போகிறது, ஆனால் அதில் விழுவதில் ஏறத்தாழ 40 விழுக்காடு உணவும் எண்ணெயும் கலந்து வீணாகிறது. வீடுகளின் மறுசுழற்சி விகிதம் 2023இல் 12 விழுக்காடுதான். நம் நகரம் பெருமையோடு பேசும் எல்லாவற்றுக்கும் நடுவே இது வெட்கப்பட வேண்டிய எண். பழைய புளோக்குகளில் சமையலறையிலேயே குப்பைக் குழாய் இருப்பது, ஒரு நொடியில் எல்லாவற்றையும் வீசிவிடத் தூண்டுகிறது. நீலத் தொட்டி கீழே, வெயிலில், வாகன நிறுத்துமிடத்தின் ஓரத்தில். ஏற்பாடே சோம்பலுக்குச் சாதகமாக இருந்தால் மக்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

எரித்த சாம்பல் செமக்காவ் தீவுக்குப் போகிறது. 1999இல் தொடங்கிய அந்தக் குப்பை நிலம் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்று கணிக்கிறார்கள். வேறு தீவு கைவசம் இல்லை. தீபாவளி வாரத்தில் எண்ணெய் ஊறிய முறுக்குப் பெட்டி அட்டைகளை நீலத் தொட்டியில் போடாதீர்கள். கழுவிய நெய்ப் பாட்டிலைப் போடுங்கள். இனிப்புக் கடைகள் பாத்திரம் கொண்டுவருவோரை மறுக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

வெப்பம் கூடிக்கொண்டே போகிறதே, கடல் மட்டமும் உயருமாமே?

கட்டடம் அடர்ந்த பகுதிகளுக்கும் மரம் அடர்ந்த பகுதிகளுக்கும் இடையே சில இரவுகளில் 7 டிகிரி வரை வேறுபாடு இருக்கிறது. புதுப் பேட்டைகளில் காற்று ஊடுருவும்படி புளோக்குகளைத் திருப்பி வைக்கிறார்கள், மேற்கு வெயில் சுவரில் படாதபடி பார்க்கிறார்கள். பழைய பேட்டைகளில் நிழல்தான் மருந்து.

தீவின் ஏறத்தாழ 30 விழுக்காடு நிலம் கடல் மட்டத்துக்கு மேல் 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. கரையோரப் பாதுகாப்புக்கு நூறு ஆண்டுகளில் 100 பில்லியன் வெள்ளி தேவைப்படலாம் என்று 2019இல் சொல்லப்பட்டது. ஈஸ்ட் கோஸ்ட் கரைக்கு அப்பால் 800 ஹெக்டர் அளவில் நிலமீட்டு, அலையைத் தடுக்கும் அரணாகவும் நீர்த்தேக்கமாகவும் அமைக்கும் ‘லாங் ஐலண்ட்’ யோசனை ஆய்வில் இருக்கிறது. மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இன்னும் இயற்கை எரிவாயுவிலிருந்துதான் வருகிறது; கூரைகளில் சூரியத் தகடு பதிப்பது அதைச் சற்றே குறைக்கும்.

லிட்டில் இந்தியாவில் ஏன் உயரமான கட்டடங்கள் அனுமதிக்கப்படுவதில்லை?

1989இல் அதன் மையப் பகுதி மரபுடைமைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. கடைவீட்டின் முகப்பு, சன்னல், ஐந்தடி வழி எனப்படும் முன்பக்க நடைபாதை ஆகியவற்றை உரிமையாளர் இஷ்டப்படி மாற்ற முடியாது. கட்டடங்கள் பிழைத்தன. மேல்மாடியில் குடியிருந்த குடும்பங்கள் போய்விட்டன; வாடகை ஏறியபோது சிறு பூக்கடைகளும் மாவரைக்கும் கடைகளும் திணறின. முகப்பைக் காக்கச் சட்டம் இருக்கிறது. அதன் பின்னால் நடக்கும் தொழிலைக் காக்கவும் ஏதாவது ஏற்பாடு வேண்டும் என்று நகல் திட்டம் வரும்போதெல்லாம் நாம் எழுத வேண்டும்.

இந்த நகரத்தைக் கட்டும் ஊழியர்கள் எங்கே வாழ்கிறார்கள்? அவர்களும் திட்டத்தில் உண்டா?

தமிழர்களாகிய நமக்கு இது அடுத்தவர் கேள்வி ஆகாது. எம்ஆர்டி சுரங்கத்திலும் புதிய வீவக வீடுகளின் கட்டுமானத் தளத்திலும் தமிழ் கேட்கிறது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் தங்குவிடுதிகளில் வாழ்கிறார்கள். பெரிய விடுதிகள் பெரும்பாலும் துவாஸ், கிராஞ்சி போன்ற ஓரப் பகுதிகளில் அமைந்திருக்கின்றன. நில விலை ஒரு காரணம். நம் மனமும் ஒரு காரணம்: 2008இல் சிராங்கூன் கார்டன்ஸில் விடுதி வரும் என்றதும் குடியிருப்பாளர்கள் திரண்டு மனுக் கொடுத்தார்கள்; விடுதி கடைசியில் தனிச் சாலை வழியோடு அமைந்தது.

2020இல் கொவிட்-19 பரவியபோது விடுதி ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் கிருமித்தொற்றுக்கு ஆளானார்கள். நெருக்கமாக அடுக்கப்பட்ட கட்டில்களும் பொதுக் கழிப்பறையும் திட்டமிடல் முடிவுகளே என்பதை நாடு அப்போதுதான் உரக்கப் பேசியது. 2021இல் வந்த புதிய தரநிலைகளின்படி, புதிதாகக் கட்டப்படும் விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது. ஒருவருக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர் வேண்டும். கழிப்பறை அறையோடு சேர்ந்திருக்க வேண்டும். பழைய விடுதிகளும் 2027 தொடங்கிப் படிப்படியாக மாற வேண்டும்.

இது முன்னேற்றம். போதுமா என்றால், போதாது என்பேன். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நிழலும் இருக்கையும் கழிப்பறையும் தேடி அலைபவர் நம் மொழி பேசுபவர். உங்கள் பேட்டை ஓரத்தில் விடுதி வரும் என்று வரைபடத்தில் கண்டால், எதிர்ப்பு மனுவுக்குப் பதிலாக, பேருந்து வழியும் சந்தையும் திடலும் சேர்ந்து வர வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள்.

தமிழில் கருத்துச் சொல்லலாமா? நிரந்தரவாசிகளும் வேலை அனுமதியில் இருப்பவர்களும் பேச முடியுமா?

தமிழ் அதிகாரபூர்வ மொழி. தமிழில் எழுதலாம், பதில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும். நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போனால் தமிழ் பேசும் தொண்டூழியர் இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள்.

பெருந்திட்ட நகல் பற்றிக் கருத்துச் சொல்லவும் ஒன்சர்விஸ் வழியாகப் புகார் தரவும் குடியுரிமை தேவையில்லை. வீட்டு மேம்பாட்டுத் திட்டத்துக்கான வாக்கெடுப்பு மட்டும் குடிமக்கள் குடும்பங்களுக்கானது. தகுதியுள்ள குடும்பங்களில் 75 விழுக்காட்டினர் ஆதரித்தால்தான் உங்கள் புளோக்கில் பணி தொடங்கும். எழுதும்போது அஞ்சல் குறியீடு, புளோக் எண், நிலத்தின் தற்போதைய பயன்பாடு, வரைபடத்தில் அதன் குறிப்பு, நீங்கள் கேட்கும் மாற்றம் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தனியாக எழுதத் தயங்குபவர்கள் உங்கள் வட்டார வசிப்போர் குழுவிடமோ கோயில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாகத்திடமோ சொல்லிச் சேர்ந்து எழுதலாம். நகல் பார்வைக்கு இருக்கும் கடைசி நாள் ஆணையத்தின் இணையத்தளத்தில் அறிவிக்கப்படும். அதற்கு முன்பு அனுப்பிவிடுங்கள்.